சேவை இடைநிறுத்த முன்னறிவிப்பு

சேவை இடைநிறுத்த முன்னறிவிப்பு என்பது, பலர் பகிர்ந்து பயன்படுத்தும் கணினி அமைப்பு ஒன்று பராமரிப்புக்காக நிறுத்தப்படவிருப்பதை அதன் பயனர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் நடைமுறை ஆகும். பல்கலைக்கழகங்களின் மீத்திறன் கணினிகள், ஆய்வகங்களின் கணினிக் கொத்துகள், மேகக் கணிமைச் சேவைகள் முதலியவற்றில் இது நிர்வாகிகளின் வழமையான கடமைகளுள் ஒன்று. எதிர்பாராத பழுதினால் நேரும் முடக்கத்திலிருந்து திட்டமிட்ட நிறுத்தம் வேறுபட்டது. பழுதின்போது நடந்ததை விளக்க மட்டுமே இயலும். திட்டமிட்ட நிறுத்தத்தின்போது பயனர் தம் வேலையைக் காத்துக்கொள்ள அவகாசம் அளிக்க இயலும். அந்த அவகாசமே முன்னறிவிப்பின் பயன்.

தேவை

இயக்குதளத்தின் கருனியை மாற்றுதல், கோப்பு முறைமையைச் சரிபார்த்தல், வலையமைப்பு நிலைமாற்றிகளைப் புதுப்பித்தல், மின்வழங்கலையும் குளிரூட்டலையும் பழுதுபார்த்தல் போன்ற பணிகளுள் பல, அமைப்பு இயங்கும்போது செய்ய இயலாதவை. தனியாள் கணினியில் நிறுத்துபவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே. பகிர்ந்த கணினியிலோ நிறுத்துபவர் ஒருவர், இழப்பவர் வேறொருவர். நாட்கணக்கில் ஓடும் மூலக்கூற்று இயக்கவியல் கணிப்பு ஒன்று இடையில் அறுபட்டால், இடைநிலைச் சேமிப்பு எழுதப்படாதிருக்கும் நிலையில் அதை முதலிலிருந்தே தொடங்க வேண்டும். அதற்கு ஒதுக்கப்பட்ட கணிப்பு நேரமும் வீணாகும்.

வரலாறு

பல பயனர்கள் ஒரே கணினியை ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை 1960களின் தொடக்கத்தில் உருவானது. மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் உருவாக்கப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு 1961இல் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்டது. இதில் புகுபதிகை செய்யும் ஒவ்வொருவருக்கும் 'அன்றைய செய்தி' என்ற கோப்பு காட்டப்பட்டது. நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் கோப்புகளைத் தொகுத்தபோது, அன்றைய செய்திக்குப் பதிலாகக் கடவுச்சொற் கோப்பே எல்லோர்க்கும் காட்டப்பட்ட நிகழ்வும் இவ்வமைப்பில் நேர்ந்ததுண்டு.

அன்றைய செய்தி வழக்கம் யுனிக்ஸ் அமைப்புகளிலும் தொடர்ந்தது. 1980இல் வெளியான 4பிஎஸ்டி பதிப்பில் 'ஷட்டவுன்' கட்டளை இடம்பெற்றது. பிஎஸ்டி வழிவந்த அமைப்புகளில் இக்கட்டளைக்கு நிறுத்த நேரத்தையும் ஒரு செய்தியையும் கொடுக்கலாம். இது புகுபதிகை செய்துள்ள அனைவரின் முனையங்களிலும் அச்செய்தியைக் காட்டும். நேரம் நெருங்க நெருங்க எச்சரிக்கைகளின் இடைவெளி குறையும். இறுதி 5 நிமிடங்களில் புதிய புகுபதிகைகள் தடுக்கப்படும். எச்சரித்தல், நினைவூட்டல், வாயிலை அடைத்தல், நிறுத்துதல் என்னும் இவ்வரிசையே இன்றைய நடைமுறைகளுக்கும் அடிப்படையாக உள்ளது.

முன்னறிவிப்புக் காலம்

முன்னறிவிப்பு எத்தனை நாட்களுக்கு முன் வர வேண்டும் என்பது, அவ்வமைப்பில் ஒரு பணி அதிகபட்சமாக எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதைப் பொறுத்தது. அதிகபட்ச நேரம் 7 நாட்கள் எனில், நிறுத்தத்துக்கு 3 நாட்களுக்கு முன் வரும் அறிவிப்பு, ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் நீண்ட பணிகளைக் காப்பாற்றாது. எனவே அதிகபட்ச நேரத்தை விடக் குறையாத முன்னறிவிப்பே எல்லாப் பயனர்களுக்கும் பயன்படும்.

பணி வரிசையை மேலாளும் மென்பொருள்களில் இதற்கான வசதி உண்டு. 2002ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் தொடங்கப்பட்ட ஸ்லர்ம் என்னும் மென்பொருளில், பராமரிப்பு நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கலாம். அந்நேரத்துக்குள் முடியாது எனக் கணக்கிடப்படும் பணிகளை அது தொடங்காமல் வரிசையிலேயே காத்திருக்க வைக்கும்.

எடுத்துக்காட்டாக, செவ்வாய் காலை 8 மணிக்குப் பராமரிப்பு தொடங்குகிறது எனக் கொள்வோம். ஞாயிறு காலை 8 மணிக்கு 96 மணி நேரம் கோரும் பணியைப் பயனர் ஒருவர் அனுப்புகிறார். எஞ்சியிருப்பது 48 மணி நேரமே ஆதலால், கணுக்கள் காலியாக இருந்தும் அப்பணி தொடங்காது. உண்மையில் 40 மணி நேரம் போதுமெனில், கோரும் நேரத்தைக் குறைத்து அனுப்பினால் உடனே தொடங்கக் கூடும். அறிவிப்பைப் படிக்காத பயனருக்கு இது பழுதாகத் தோன்றும். படித்தவருக்கு ஒரு வாய்ப்பாக அமையும்.

அறிவிப்பின் உள்ளடக்கம்

"வரும் செவ்வாயன்று பராமரிப்பு நடைபெறும், இடையூறுக்கு வருந்துகிறோம்" என்பது பணிவான அறிவிப்பாக இருப்பினும், பயனர் செயல்படுவதற்கு வேண்டிய எதையும் கூறவில்லை. நல்ல அறிவிப்பில் பின்வருவன இடம்பெறும்:

- தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், நேர வலயத்துடன்
- நிறுத்தப்படும் சேவைகள் எவை, தொடர்ந்து இயங்குபவை எவை
- ஓடிக்கொண்டிருக்கும் பணிகளும் வரிசையில் உள்ள பணிகளும் என்னவாகும்
- தற்காலிகச் சேமிப்பிடத்தில் உள்ள கோப்புகள் அழியுமா
- பராமரிப்புக்குப் பின் மாறக்கூடியவை, குறிப்பாக நிரல்மொழிமாற்றிகள், நிரலகங்கள் ஆகியவற்றின் பதிப்புகள்
- பயனர் செய்ய வேண்டியது என்ன, எந்த நாளுக்குள்
- ஐயங்களுக்கு யாரைத் தொடர்பு கொள்வது

இவற்றுள் கோப்பு அழிவைப் பற்றிய தகவல் தலையாயது. அறுபட்ட பணியை மீண்டும் ஓட்டலாம். அழிந்த தரவை எப்போதும் மீட்க இயலாது. ஆகவே இதனை அறிவிப்பின் முதல் வரிகளிலேயே கூறுதல் நலம்.

நேரத்தைத் தெரிவு செய்தலும் குறித்தலும்

பயன்பாடு குறைந்த நேரத்தைத் தெரிவு செய்வதே பொது வழக்கம். ஆயினும் பல நாட்டினர் பயன்படுத்தும் அமைப்பில் எல்லோர்க்கும் பொதுவான இரவு என்பது இல்லை. கோடைக்காலத்தில் கலிபோர்னியாவில் இரவு 1 மணி எனில், இந்தியாவிலும் இலங்கையிலும் அது பகல் 1:30 மணி.

2009 சூனில் ஈரானில் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலையடுத்துப் போராட்டங்கள் எழுந்தபோது இதன் முக்கியத்துவம் உலகெங்கும் உணரப்பட்டது. அமெரிக்க இரவு நேரத்தில், அதாவது ஈரானின் பகற்பொழுதில், நடைபெறுவதாக டுவிட்டர் அறிவித்திருந்த பராமரிப்பு சூன் 16 அன்று அமெரிக்கப் பசிபிக் நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு ஒத்திவைக்கப்பட்டது. தெகுரானில் அது இரவு 1:30 மணி. பராமரிப்பைத் தள்ளிப்போடுமாறு அமெரிக்க வெளியுறவுத் துறையும் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னறிவிப்பு வெளியாகாதிருந்தால் இவ்வேண்டுகோளுக்கே இடமிருந்திராது. முன்னறிவிப்பு பயனரின் எதிர்ப்பையும் கேட்பதற்கான வழி என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

நேரத்தைக் குறிப்பதிலும் கவனம் தேவை. "செவ்வாய் நள்ளிரவு 12 மணி" என்பது திங்கள் முடியும் கணத்தையும் செவ்வாய் முடியும் கணத்தையும் குறிக்கலாம். 24 மணி நேர முறையில் நாளையும் சேர்த்து எழுதுவதும், ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தை உடன் குறிப்பதும் இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

அறிவிக்கும் வழிகள்

மின்னஞ்சல், புகுபதிகைச் செய்தி, முனைய அறிவிப்பு, நிலைப் பக்கம் ஆகியன பரவலாகப் பயன்படும் வழிகள். மின்னஞ்சலைப் படிக்காதவர் புகுபதிகையின்போது செய்தியைக் காண்பார். அண்மையில் புகுபதிகை செய்யாதவருக்கு மின்னஞ்சலே வழி. வலைச் சேவைகளில், நிறுத்தத்தின்போது மீயுரை பரிமாற்ற நெறிமுறையின் 503 என்னும் நிலைக் குறியீட்டை அனுப்பி, எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் முயலலாம் என்பதையும் தெரிவிக்கலாம்.

அறிவிக்கும் வழி, நிறுத்தப்படும் அமைப்பைச் சார்ந்திருத்தல் கூடாது. 2017 பெப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவை எதிர்பாராது முடங்கியபோது, அந்நிறுவனத்தின் நிலைப் பக்கத்தை இற்றைப்படுத்தும் முறையும் அதே சேவையைச் சார்ந்திருந்ததால், சில மணி நேரம் அப்பக்கத்தில் உண்மை நிலையைக் காட்ட இயலவில்லை. திட்டமிட்ட நிறுத்தத்துக்கும் இப்பாடம் பொருந்தும்.

அறிவிப்புகள் மிகுந்தாலும் கேடு உண்டு. தமக்குத் தொடர்பற்ற அறிவிப்புகளை அடிக்கடி பெறுபவர், தொடர்புடையதையும் படிக்காமல் விடுவார். ஆகவே பாதிக்கப்படும் பயனர்களை மட்டும் தெரிந்து அனுப்புதல் நன்று.

காரணம் வெளியிடப்படாத அறிவிப்புகள்

பாதுகாப்புக் குறைபாட்டைச் சரிசெய்யும்போது காரணத்தை முன்கூட்டிக் கூற இயலாத நிலை ஏற்படுவதுண்டு. 2014 செப்டம்பர் இறுதியில் அமேசான் தன் மேகக் கணிமை வழங்கிகளில் 10 விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை மீள்தொடக்கம் செய்யப்போவதாகப் பயனர்களுக்கு அறிவித்தது. சென் என்னும் மெய்நிகராக்க மென்பொருளில் இருந்த குறைபாடே காரணம். அதன் விவரம் அக்டோபர் 1 அன்றுதான் வெளியிடப்பட்டது. முன்னரே வெளியிட்டிருந்தால், திருத்தப்படாத வழங்கிகள் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கக் கூடும். இத்தகைய நிலையில் காரணத்தை மறைக்கலாமேயன்றி, நேரத்தையும் விளைவையும் மறைத்தலாகாது.

நீட்டிப்பும் நிறைவும்

பராமரிப்பு குறித்த நேரத்தில் முடியாது எனத் தெரிந்தால், அந்நேரம் கடப்பதற்கு முன்பே நீட்டிப்பை அறிவிக்க வேண்டும். பிந்தி வரும் நீட்டிப்பு, அடுத்த அறிவிப்பின் மீதான நம்பிக்கையையும் குறைக்கும். பணி முடிந்தபின் வரும் நிறைவு அறிவிப்பும் இன்றியமையாதது. மாற்றப்பட்டவை எவை, இன்னும் சரியாகாதவை எவை, காத்திருந்த பணிகள் தாமாகத் தொடங்குமா அல்லது மீண்டும் அனுப்பப்பட வேண்டுமா என்பன அதில் இடம்பெறும்.

இவற்றையும் பார்க்க

- நேரப்பகிர்வு
- மீத்திறன் கணினி
- மேகக் கணிமை
- பணி வரிசை