8 அடி 6 அங்குலத்துக்கு அப்பால்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் தனி அனுமதி வாங்காமல் ஒரு படகை டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போக வேண்டுமானால், அதன் அகலம் 8 அடி 6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. ஓட்டும் மேடை (கன்சோல்) இடமும் வலமுமாக இரண்டாக அமைந்த இரட்டைக் கன்சோல் படகின் கதையை இந்த அளவுக்கு முன், இந்த அளவுக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துவிடலாம். முன்பாதியில் அது ஒரு குடும்பம் கடன் வாங்கியாவது வாங்கி, வீட்டு வாசலில் நிறுத்தி, சனிக்கிழமை காலையில் தன் வண்டியில் மாட்டி இழுத்துச் செல்லும் படகு. பின்பாதியில் அதன் நீளம் 37 அடி, 41 அடி என்று வளர்ந்து, விலை 5 லட்சம் டாலரையும் தாண்டிவிட்டது. இவ்வளவு பணம் கொடுத்து வாங்கலாமா என்று கேட்பவருக்கு, அது எங்கே கிளம்பி எப்படி இங்கே வந்தது என்று சொன்னாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இதைக் கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் கை காட்ட முடியாது. பலருடைய உழைப்பு ஒன்று சேர்ந்துதான் இந்தப் படகு வந்தது. மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த அவுட்போர்டு மோட்டார், படகின் வயிற்றிலிருந்த இயந்திரத்தை வெளியே எடுத்துப் பின்புறத்தில் மாட்டியது. ஒகையோ மாநிலத்தில் ரே கிரீன் 1942இல் கண்ணாடியிழையையும் பாலியெஸ்டர் பிசினையும் சேர்த்துப் படகு வார்த்துக் காட்டினார். நம் கடற்கரையில் மீனவர்கள் ‘ஃபைபர்’ என்று சொல்லும் படகுகளும் இந்த வழியில் வந்தவைதான். 1958இல் மாசசூசெட்ஸில் டிக் ஃபிஷர் ‘பாஸ்டன் வேலர்’ என்ற 13 அடிப் படகை விற்கத் தொடங்கினார். உள்தோலுக்கும் வெளித்தோலுக்கும் நடுவே நுரை நிரப்பியிருந்ததால் அது மூழ்காது. 1961இல் ‘லைஃப்’ இதழில் வந்த படங்களில், அவர் உட்கார்ந்திருக்கும் படகை ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். அறுபட்ட பிறகும் அது மிதக்கிறது.

அந்தப் படகை வடிவமைத்ததில் பெரும் பங்கு கொண்ட ரே ஹன்ட்தான் அடுத்த திருப்பத்தையும் கொடுத்தார். அவர் ஆழமான V வடிவ அடிப்பகுதியுடன் வரைந்த ‘மாப்பி’ என்ற 30 அடிப் படகு, 1960இல் மயாமியிலிருந்து நஸ்ஸாவு வரை நடந்த பந்தயத்தில் கொந்தளித்த கடலைப் பிளந்துகொண்டு போய் வென்றது. தட்டையான அடி அலையின் மேல் அறையும். V அடி அலையை வெட்டிக்கொண்டு இறங்கும். கரையோடு நின்றுவிடாமல் சிறு படகில் ஆழ்கடல் வரை போய்வரும் துணிவு சாதாரண ஆட்களுக்கு வந்தது அதன் பிறகுதான். இன்று பெரிய இரட்டைக் கன்சோல் படகுகளுக்குப் பேர் போன வட கரோலினாவின் ‘கிரேடி-வைட்’ நிறுவனமும் தன் படகுகளின் அடிப்பகுதியை ஹன்ட் நிறுவிய வடிவமைப்பு அலுவலகத்திடமே கொடுத்து வரைந்துகொள்கிறது.

ஏரிகளில் ஒரு சாதி, கடலில் இன்னொரு சாதி என்று படகுகள் நெடுங்காலம் பிரிந்தே கிடந்தன. ஏரிப் படகில் முன்பக்கம் கண்ணாடித் தடுப்பு இருக்கும், முன்முனையான அணியத்தில் பிள்ளைகள் உட்கார இருக்கைகள் இருக்கும். ஆனால் உப்பு நீருக்கும் பெரிய அலைக்கும் அது தாங்காது. கடலில் மீன் பிடிக்கப் போகிறவர்களின் படகில் நட்ட நடுவே ஒரே ஒரு கன்சோல். அதைச் சுற்றி நடந்து மீனோடு மல்லுக்கட்டலாம். வெயில், காற்று, தெறிக்கும் நீர் எல்லாவற்றுக்கும் எல்லோரும் திறந்தே நிற்க வேண்டும். அப்பாவுக்கும் பையனுக்கும் கொண்டாட்டம்தான். கூட வந்த அம்மாவும் பாட்டியும் இரண்டாவது தடவை வர மாட்டார்கள். நடுக் கன்சோலை இரண்டாகப் பிளந்து இடமும் வலமும் ஒதுக்கி, இடையில் அணியத்துக்குப் போக வழி விட்டு, அகலம் முழுக்கக் கண்ணாடி வைத்ததும் இந்தச் சிக்கல் தீர்ந்தது. வலது பக்கம் ஓட்டுபவர், இடது பக்கம் காற்றுக்கு மறைவாகக் குடும்பம், பின்பக்கம் தூண்டில் போட இடம். இரண்டு படகு வாங்க வழியில்லாத வீட்டுக்கு ஒரே படகில் இரண்டையும் கொடுத்த ஏற்பாடு இது. படகு வரலாற்றில் குடும்பத்தை இவ்வளவு அக்கறையோடு எண்ணிப் பார்த்த வடிவம் வேறில்லை என்றே சொல்வேன்.

செய்முறையைப் பார்த்தால், படகு வெளியிலிருந்து உள்ளாகப் பிறக்கிறது. பட்டறையில் படகைக் குப்புறப் போட்டுப் பிரதி எடுத்தது போன்ற பெரிய அச்சு இருக்கும். அதன் உட்புறத்தை மெழுகு போட்டுக் கண்ணாடி போலத் தேய்த்து வைப்பார்கள். முதலில் ஜெல்கோட் என்ற மேற்பூச்சைத் தெளிப்பார்கள். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான், ஆனாலும் கடைசியில் வாங்குபவர் கண்ணில் படும் பளபளப்பு முழுவதும் அதுதான். அது இறுகியதும் கண்ணாடியிழைப் பாய்களைப் பரப்பி, பிசினை ஊற்றி, பள்ளமும் மேடும் கொண்ட சிறு உருளையால் மூலை முடுக்கெல்லாம் உருட்டுவார்கள். உள்ளே ஒரு காற்றுக் குமிழி சிக்கினாலும் பிற்பாடு அங்கே நீர் கோக்கும். பட்டறை முழுக்கப் பிசினின் ஸ்டைரீன் நெடி மூக்கைத் துளைக்கும். அடிப்பகுதி ஒரு அச்சில், மேல்தளம் இன்னொரு அச்சில் என்று தனித்தனியே வார்த்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து இணைக்கிறார்கள். 20 அடிப் படகுக்கும் 40 அடிப் படகுக்கும் இந்த வேலை ஒன்றேதான். ஆனால் நீளம் இரண்டு மடங்கானால் அகலமும் உயரமும் கூடவே ஏறும். அதனால் எடையும் விலையும் இரண்டு மடங்கோடு நிற்காமல் பல மடங்காகின்றன.

படகு பெரிதாக வளர முடிந்ததற்குக் காரணம் இயந்திரம். பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் எரியாத எண்ணெயையும் பெட்ரோலையும் நீரில் கக்கின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1996இல் கொண்டுவந்த மாசு விதிகள் உற்பத்தியாளர்களை ஃபோர்-ஸ்ட்ரோக்கை நோக்கித் தள்ளின. 2004இல் மெர்க்குரி நிறுவனத்தின் ‘வெராடோ’ அவுட்போர்டு வந்தது. 2007இல் யமஹா 350 குதிரைத்திறன் கொண்ட V8ஐ இறக்கியது. 2018இல் அது 425 ஆனது. 2021இல் மெர்க்குரியின் V12 அவுட்போர்டு 600ஐத் தொட்டது. முன்பு 30 அடியைத் தாண்டினால் படகுக்குள் இயந்திரத்தைப் புதைத்தாக வேண்டும். இப்போது மூன்றோ நான்கோ பின்னால் மாட்டினால் போதும். துறையில் நிறுத்தியதும் உப்பு நீரிலிருந்து தூக்கிவிடலாம், உள்ளே இடமும் மிச்சம்.

இதற்கெல்லாம் முன்பே, 1991இல் 1 லட்சம் டாலருக்கு மேற்பட்ட படகு விலையில் கூடுதல் தொகைக்கு 10 சதவீத ஆடம்பர வரி வந்தது. பணக்காரர்கள் வாங்குவதைத் தள்ளிப் போட்டார்கள், அச்சுக்கு முன்னால் உருளை பிடித்த தொழிலாளிகளுக்குத்தான் வேலை போனது. 1993இல் அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

இன்றைய பெரிய படகு ஒன்றில், கிரேடி-வைட்டின் ‘ஃப்ரீடம் 375’இலோ பர்சூட் நிறுவனத்தின் ‘டிசி 365’இலோ, இடது கன்சோலின் கதவைத் திறந்தால் படி இறங்கும். உள்ளே அணியத்தின் அடியில் நீளும் படுக்கை, மின்சாரக் கழிப்பறை, முகம் கழுவத் தொட்டி. மேலே வெயிலை மறைக்கும் கடினக் கூரை, பின்னால் மின் அடுப்பு. இந்தப் படுக்கைக்கும் அடுப்புக்கும் கழிப்பறைக்கும் இன்னொரு பயனும் உண்டு. உறங்க, சமைக்க, கழிக்க வசதியுள்ள படகை அமெரிக்க வருமான வரிச் சட்டம் இரண்டாவது வீடாக ஏற்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டால் கடன் வட்டிக்குக் கழிவு கேட்கலாம். விற்பவர்கள் இதை மறக்காமல் சொல்வார்கள். கடனும் 15, 20 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். மாதத் தவணையை மட்டும் பார்க்கிறவருக்கு எல்லாம் கைக்கு எட்டுவது போலத் தோன்றும்.

தோற்றம் கலைவது அகலத்தில்தான். இவற்றின் அகலம் 12, 13 அடி வரை போகிறது, ஆகவே சாலையில் இழுத்துப் போகும் சுதந்திரம் போய்விட்டது. 23 அடிப் படகுக்காரர் சாய்தளத்தில் டிரெய்லரைப் பின்னோக்கி இறக்கி, அடியிலுள்ள வடிகால் அடைப்பானை மறக்காமல் திருகிவிட்டுப் புறப்படுவார். இந்த வாரம் ஆறு, அடுத்த வாரம் வளைகுடா, கோடையில் 300 மைல் தள்ளியிருக்கும் ஏரி. பெரிய படகு ஒரே துறையில் கட்டுண்டு கிடக்கும். துறை வாடகை அடிக் கணக்கு. நீரிலேயே விட்டால் அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டும், அதற்குத் தனிப் பூச்சு அடிக்க வேண்டும். கரையில் அடுக்கி வைத்தால் ராட்சத ஃபோர்க்லிஃப்ட்டுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

எரிபொருள் கணக்கையும் பார்ப்போம். முழு வேகத்தில் பெட்ரோல் அவுட்போர்டு ஒன்று குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்கு கேலனை ஒரு மணி நேரத்தில் குடிக்கும் என்பது படகுக்காரர்களின் பழைய மதிப்பீடு. 300 குதிரைத்திறனில் மூன்று என்றால் மணிக்கு 90 கேலன், அதாவது 340 லிட்டர். நிதான வேகத்தில் அதில் பாதி. மணிக்கு 30 மைல் போனாலும் ஒரு லிட்டருக்குக் கிடைப்பது ஏறக்குறைய 300 மீட்டர்தான். 100 மணி நேரத்துக்கு ஒரு முறையோ ஆண்டுக்கு ஒரு முறையோ மூன்று இயந்திரத்துக்கும் எண்ணெய் மாற்றி, பழுது பார்க்க வேண்டும். பராமரிப்புக்கு ஆண்டுதோறும் விலையில் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கு என்ற சொல்வழக்கை அப்படியே எடுத்துக்கொண்டால், 5 லட்சம் டாலர் படகுக்கு ஆண்டுக்கு 50,000. அது 50 மணி நேரம் ஓடினால், பெட்ரோலும் வட்டியும் சேர்க்காமல் மணிக்கு 1,000 டாலர்.

பெரிய படகு வாங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஃபுளோரிடாவில் வீட்டுக் கொல்லையிலேயே கால்வாயும் சொந்தத் துறையும் படகுத் தூக்கியும் வைத்திருப்பவர், வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் ஓட்டுபவர், பஹாமாஸ் வரை போய்வருபவர், மூன்று தலைமுறையைச் சேர்த்து ஏற்றுபவர் ஆகியோருக்கு அது கொடுத்த காசுக்கு உழைக்கும். கனத்த படகு அலையில் குலுங்குவது குறைவு. வெற்றிடக் கூண்டுக்குள் கனமான சக்கரத்தைச் சுழற்றி ஆட்டத்தை அடக்கும் ‘சீகீப்பர்’ கருவியை வைக்கவும் அதில் இடமுண்டு. முழங்கால் வலியுள்ள பாட்டி பக்கவாட்டுக் கதவு வழியாக நடந்தே ஏறிவிடலாம் என்பது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் வானிலை ஒத்துழைத்தால் மட்டும் கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு இது வேண்டாம். அவர்களுக்காகப் பிறந்த வடிவம் 25 அடிக்குள் இன்னும் கிடைக்கிறது. கண்ணாடி, நிழல், அணியத்து இருக்கை, பலவற்றில் சிறு கழிப்பறை எல்லாம் அதிலேயே இருக்கின்றன.

பெரியதுதான் வேண்டும் என்பவர் இரண்டாவது உரிமையாளராக இருக்கலாம். முதல் சில ஆண்டுகளின் விலைச் சரிவை முதல் ஆள் தாங்கிவிடுகிறார். 2020, 2021இல் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் வரிசையில் நின்று வாங்கிய படகுகள் பிறகு சந்தைக்குத் திரும்பி வந்தன. வாங்குமுன் சொந்தச் செலவில் மதிப்பீட்டாளரை அமர்த்தி, ஈரமானியால் தளத்தையும் பின்சுவரையும் சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடிய மணி நேரத்தை அதன் கணினியிலிருந்தே எடுத்துப் பார்க்க வேண்டும். உடல் நன்றாக இருந்து இயந்திரங்கள் தேய்ந்திருந்தால், மூன்று புதிய அவுட்போர்டின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரமே தொடங்க வேண்டும்.

கண்ணாடியிழை மக்காது, துருப்பிடிக்காது. இயந்திரம் மூன்று தடவை மாறியும் உடல் அப்படியே இருக்கும். அந்தக் குணமே முடிவில் சுமையாகிறது. ஃபுளோரிடாவில் கைவிடப்பட்ட படகுகளை அகற்ற அரசுப் பணம் செலவாகிறது. ரோட் தீவு மாநிலத்தில் பழைய படகுகளை நொறுக்கி, சிமென்ட் சூளைக்கு எரிபொருளும் மூலப்பொருளுமாக அனுப்பும் முயற்சியைப் படகுத் தொழில் சங்கமே நடத்திப் பார்த்தது. ஆனாலும் பெரும்பாலானவை வெட்டி நொறுக்கிக் குப்பைமேட்டுக்குத்தான் போகின்றன. துறை வாடகையைப் போல, அதற்கும் பல இடங்களில் அடிக் கணக்கில்தான் கட்டணம். கடைசியில் கையில் வைத்திருப்பவர் கட்ட வேண்டும்.