மலத்தின் நிறம் மாறினால் பயப்பட வேண்டுமா?

நேற்றிரவு சிவப்பு டிராகன் பழம் சாப்பிட்டீர்கள். காலையில் கழிவறையில் பார்த்தால் ஒரே சிவப்பு. "ஐயோ, ரத்தமா?" என்று பதறிட்டீங்களா?

பெரும்பாலும் அது பழத்தின் சாயம்தான். ஆனால் சில நிறங்களை அப்படி விட்டுவிடக்கூடாது. எது சாதாரணம், எது எச்சரிக்கை?

வழக்கமாக ஏன் பழுப்பு நிறம்?

ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அவை சிதையும்போது பிலிருபின் எனும் மஞ்சள் நிறப் பொருள் உருவாகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றுவதால் மலம் பழுப்பாகிறது.

பச்சை

கீரை அதிகம் சாப்பிட்டாலோ பச்சைச் சாயம் கலந்த கேக், பலகாரம் சாப்பிட்டாலோ வரலாம். வயிற்றுப்போக்கின்போதும் வரும். உணவு வேகமாகக் குடலைக் கடப்பதால் பித்தநீர் பழுப்பாக மாற நேரம் இருக்காது. பொதுவாகக் கவலை வேண்டாம்.

மஞ்சள்

ஒருநாள் மட்டும் என்றால் பரவாயில்லை. எண்ணெய்ப்பசையுடன் மிதந்து, கடுமையாக நாற்றமடித்து, அது தொடர்ந்தால் உடல் கொழுப்பைச் சரியாக உறிஞ்சவில்லை என்று பொருள். மருத்துவரைப் பாருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு மஞ்சள் நிறம் சாதாரணம்.

கறுப்பு

இரும்புச்சத்து மாத்திரை, கரி மாத்திரை, கணவாய் மையில் சமைத்த உணவு ஆகியவை காரணமாக இருக்கலாம். அதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் துர்நாற்றத்துடன் இருந்தால் கதை வேறு. வயிற்றிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிந்திருக்கலாம். வயிற்றுப்புண் ஒரு முக்கியக் காரணம். ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளை அடிக்கடி சாப்பிடுவோருக்கு அந்த ஆபத்து கூடுதல். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

சிவப்பு

பீட்ரூட், டிராகன் பழம், உணவுச் சாயம் ஆகியவற்றால் வரலாம். அவற்றைச் சாப்பிடவில்லையா? அப்படியென்றால் ரத்தமாக இருக்கலாம். மூலமும் ஆசனவாய் வெடிப்பும் பரவலான காரணங்கள். ஆனால் பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். "எனக்கு வயசு 25தானே, மூலமாத்தான் இருக்கும்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

வெளிர் நிறம்

களிமண் போலவோ வெள்ளையாகவோ இருந்தால் பித்தநீர் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம். பித்தப்பைக் கல், கல்லீரல் அழற்சி, கணையப் பிரச்சினை காரணமாக இருக்கலாம். கண் மஞ்சளாகி, சிறுநீரும் அடர்நிறமாக இருந்தால் தாமதிக்காதீர்கள். பச்சிளங்குழந்தையின் மலம் வெளிறியிருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பித்தநாளம் அடைபட்டிருந்தால் பிறந்த சில வாரங்களுக்குள் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

சரி, என்ன செய்யலாம்?

- கடந்த 2, 3 நாளில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன மருந்து எடுத்தீர்கள் என்று யோசியுங்கள். உணவு காரணம் என்றால் ஓரிரு நாளில் நிறம் பழையபடி மாறிவிடும்.
- மாறவில்லையா? வயிற்றுவலி, எடை குறைவு, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம் இருக்கிறதா? பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ செல்லுங்கள்.
- விளக்கிச் சொல்லக் கூச்சமாக இருந்தால் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டலாம். மருத்துவர்களுக்கு இது புதிதல்ல.
- நிறைய ரத்தம் போனாலோ, தார் போன்ற மலத்துடன் தலைசுற்றல், மயக்கம் வந்தாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ 995ஐ அழையுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா?

தொடக்கத்தில் கசியும் ரத்தம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். மலத்தின் நிறமும் மாறாது. அதனால்தான் சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்ய ஊக்குவிக்கப்படுகின்றனர். மாதிரியை வீட்டிலேயே எடுத்து அனுப்பலாம்.

இந்த விஷயத்தைப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இன்று சாப்பிடும்போது வேண்டாம், சாப்பிட்டு முடித்த பிறகு கேளுங்கள்: "அப்பா, இந்த வருஷம் டெஸ்ட் எடுத்துட்டீங்களா?"