பயம் தெளிவித்தலிலிருந்து தொலைபேசி ஆலோசனை வரை: பட்டினச்சேரிக் கடற்கரையும் பதற்றநோய்க்கான உதவியின் வரலாறும்

முன்னுரை

காரைக்கால் மாவட்டத்தின் தென்பகுதியில், திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவக் கிராமம் பட்டினச்சேரி. தெற்கே வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். அங்கும் ஒரு பட்டினச்சேரி உண்டு. கடலும் தொழிலும் இரண்டுக்கும் பொது. ஆனால் முன்னது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது, பின்னது தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1739இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானதால் விழுந்த கோடு இது. இன்றும் எந்த அரசு மருத்துவமனைக்குப் போவது, எந்த அரசின் திட்டத்தில் பெயர் சேர்ப்பது என்பதையெல்லாம் இந்தக் கோடே தீர்மானிக்கிறது.

நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கைகால் வெலவெலத்து, 'இதோ உயிர் போகப் போகிறது' என்று தோன்றும் திடீர்ப் பீதிக்கும், நாள் முழுவதும் விடாத பதற்றத்துக்கும் இக்கரையோர மக்கள் உதவி தேடிய வழிகள் காலந்தோறும் எப்படி மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பயந்தவருக்கு இங்கே ஏதோ ஒரு வடிவில் எப்போதும் உதவி இருந்தது. அரசு மருத்துவம்தான் 2004 வரை அவரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. சுனாமி அந்தக் குறையை வெளிச்சமாக்கியதே தவிரத் தீர்க்கவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஊரும் தர்காவும் தந்த உதவி

டெல்டாக் கரையில் பயந்தவரை முதலில் அடையாளம் காண்பது குடும்பம்தான். தூக்கத்தில் அலறும் பிள்ளையையும், சாப்பாடு இறங்காமல் வெறித்துப் பார்க்கும் பெண்ணையும் 'எங்கேயோ பயந்திருக்கு' என்று சொல்லி, மந்திரிக்கத் தெரிந்த பெரியவரிடம் கூட்டிச் செல்வார்கள். அவர் வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து பாதம்வரை தடவி இறக்குவார். முகத்தில் தண்ணீர் தெளிப்பார். திருநீறு பூசிக் கையில் கறுப்புக் கயிறு கட்டுவார். நாகூர் தர்காவில் ஓதிய தண்ணீரும் தாயத்தும் கிடைக்கும். ஷாகுல் ஹமீது ஆண்டவரின் அடக்கத்தலத்தை இந்து மீனவர்களும் தங்கள் காவலாகவே கருதிவந்திருக்கிறார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கினால் வரலாறு விளங்காது. பயந்தவரை யாரும் பைத்தியம் என்று சொல்லவில்லை. பயம் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, எனவே இறக்கிவிடலாம். அவர் மீது பழியோ, குடும்பத்துக்கு அவமானமோ இல்லை. நவீன மருத்துவம் நெடுநாள் கொடுக்க முடியாமல் தவித்தது இதைத்தான். அதே சமயம், திரும்பத் திரும்ப வரும் பீதிக்கும் மாதக்கணக்கில் நீளும் பதற்றத்துக்கும் இம்முறைகளில் போதிய தீர்வு இல்லை. கயிறு கட்டியும் தீராதபோது செலவும் கடனும் ஏறின.

சட்டம் கண்டது பித்தரை மட்டுமே

சென்னையில் 1794இல் மருத்துவர் வாலண்டைன் கொனாலி மனநோயாளர் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். கீழ்ப்பாக்கம் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது 1871இல். அதே 1871இல் அமெரிக்க மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட சிப்பாய்களிடம் கண்ட நெஞ்சுப் படபடப்பைப் பற்றி எழுதினார்: வலியும் மூச்சிரைப்பும் உண்டு, இதயத்தில் பழுதைக் காணோம். உலக மருத்துவம் பீதியைத் தனியே கவனிக்கத் தொடங்கிய ஆண்டில் சென்னை மாகாணம் கட்டியது பூட்டி வைப்பதற்கான மதிற்சுவரை.

1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டமும் காவலில் வைப்பதையே மையமாகக் கொண்டது. காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் அச்சட்டம் அங்கே செல்லாது. ஆனால் கோட்டின் எந்தப் பக்கம் இருந்தாலும் பதற்றத்தோடு வேலைக்குப் போய்வந்த மீனவருக்கு அதனால் வேறுபாடு ஏதுமில்லை. அவர் பூட்டி வைக்க வேண்டிய ஆளல்ல. எனவே சட்டத்தின் பார்வையில் அவர் நோயாளியும் அல்ல.

சட்டம் காணாததை உலக மருத்துவம் ஆராய்ந்துகொண்டிருந்தது. 1895இல் ஃபிராய்டு பதற்ற நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். 1960களில் டொனால்ட் கிளைன் இமிப்ரமின் என்ற மருந்து திடீர்ப் பீதியைத் தணிப்பதைக் கண்டார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் பீதிநோய் தனி இடம் பெற்றது. 1986இல் டேவிட் கிளார்க், உடலில் தோன்றும் சாதாரணப் படபடப்பை 'மாரடைப்பு' என்று மனம் தவறாகப் படிப்பதால் பயம் மேலும் பயத்தை வளர்ப்பதை விளக்கினார். இன்றைய பேச்சுவழிச் சிகிச்சைக்கு அதுவும் ஓர் அடிப்படை.

இந்தியாவில் 1982இல் தேசிய மனநலத் திட்டமும், 1987இல் மனநலச் சட்டமும், 1996இல் மாவட்ட மனநலத் திட்டமும் வந்தன. நடைமுறையில் முன்னுரிமை பெற்றவை தீவிர மனநோய்களும் வலிப்பும்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதும் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. அதன்பின் காப்பகங்கள் மீது கண்காணிப்பு கூடியது. பதற்றக்காரர் மீது கவனம் திரும்பவில்லை.

சுனாமி: ஊரே பயந்தபோது

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை வந்த அலை நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் கடற்கரையினர். எஞ்சியவர்கள் மாதக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. படகும் வலையும் போனது ஒரு காரணம், கடலைக் கண்டாலே நடுங்கியது மற்றொன்று. தனி ஒருவரின் பயத்தை இறக்கிவைக்க ஊர் இருந்தது. ஊரே பயந்தால் யார் இறக்கி வைப்பது?

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கடலோரத்தில் சமூகப் பணியாளர்களுக்கு உளவியல் ஆதரவுப் பயிற்சி அளித்தனர். தமிழ்நாட்டின் ஒரு மீனவக் கிராமத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தினர் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்களில் 12.7 விழுக்காட்டினருக்குப் பேரிடர்க்குப் பிந்தைய மனஅழுத்த நோய் இருந்தது. பெண்களிடமும் வருமானம் அற்றுப்போன குடும்பங்களிலும் அது மிகுதி. லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பின் தன்னார்வலர்கள், உற்றாரை இழந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். அதன் பயனை ஆராய்ந்த கட்டுரை 2008இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற சாதாரண மனிதரின் துணையே மனவேதனையைக் குறைப்பதை அது காட்டியது.

பூட்டி வைக்கத் தேவையில்லாத, பைத்தியம் அல்லாத, ஆனால் வேதனைப்படும் மனிதரை நோக்கி மனநலச் சேவை இவ்வளவு பரவலாக இக்கரைக்கு வந்தது அப்போதுதான். ஆனால் அது நிவாரணத்தின் ஒரு பகுதியாக வந்தது. நிவாரணம் ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்தது.

யாழ்ப்பாணக் கரையின் ஒப்பீடு

பாக் நீரிணைக்கு அப்பால் நடந்தது வேறு. போரில் சிக்கிய யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சகாக்களும் சுனாமிக்கு முன்பே உளநலப் பணியை வேரூன்றச் செய்திருந்தனர். 1987 முதல் சாந்திகம் நிலையம் ஆலோசகர்களைப் பயிற்றுவித்தது. சாந்தி ஆசனம், மூச்சுப் பயிற்சி, மந்திரம் ஓதுதல் ஆகிய பழகிய வழிகளையே பதற்றம் தணிக்கும் பயிற்சிகளாக அங்கே பயன்படுத்தினர். கோயிலும் சிகிச்சையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதற்கு அது நடைமுறைச் சான்று. சுனாமிக்குப் பின் இலங்கை அரசு 2005இல் தேசிய மனநலக் கொள்கையை ஏற்று, மாவட்டங்களில் மனநலச் சேவையை நிரந்தரமாக்க முனைந்தது. பேரிடரிலிருந்து மனநல அமைப்பை வளர்த்தெடுத்த நாடுகளின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனம் 2013இல் இலங்கையைச் சேர்த்தது. ஒரே அலை அடித்த இரு கரைகளில், ஒன்று பேரிடரை அமைப்பாக மாற்றியது. மற்றது திட்டமாக முடித்துக்கொண்டது.

இன்றைய நிலை

பயம் ஓய்ந்துவிடவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்ததும் கடலோர மக்கள் மீண்டும் ஓடினார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. 2025 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்கால் மீனவர்கள் காயமடைந்தனர். கணவன் கடலில் இருக்கும் இரவுகளில் கரையில் இருப்பவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்?

சட்டத்தில் முன்னேற்றம் உண்டு. 2018 மே 29 முதல் நடப்பிலுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமையாக்கியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி-மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணை அழைத்துக் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். புதுச்சேரி, தமிழ்நாடு என்ற கோடு அதற்கு இல்லை. 2016 முதல் ஜிப்மரின் கிளை காரைக்காலில் மருத்துவக் கல்லூரியாக இயங்குகிறது. ஆயினும் 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, பதற்றம், மனச்சோர்வு போன்ற பொதுவான மனநோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை.

காரணம் அவசரச் சிகிச்சைப் பிரிவில் தெரியும். திடீர்ப் பீதி வந்தவர் மனநல மருத்துவரைத் தேடுவதில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் வருகிறார். இசிஜி எடுத்து, 'ஒன்றுமில்லை, கேஸ்தான்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினால், அவர் அடுத்த வாரமும் வருவார். அல்லது கடலுக்கோ சந்தைக்கோ போகாமல் வீட்டில் முடங்குவார். முதல் தடவை இதயம், தைராய்டு, ரத்தசோகை ஆகியவற்றைப் பரிசோதிப்பது அவசியம். அவற்றில் குறையில்லை என்றால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும்: இது பீதி, சில நிமிடங்களில் உச்சமடைந்து பெரும்பாலும் அரைமணிக்குள் தணியும், இதனால் உயிர் போகாது, மூச்சை மெல்ல நீட்டி வெளியே விடுங்கள், பயந்த இடத்தைத் தவிர்க்காதீர்கள். மீண்டும் மீண்டும் வந்தால் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் குணம் தரும். மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும்.

முடிவுரை

காரைக்கால் கரையில் பதற்றத்துக்கான உதவி ஊர்ப் பெரியவரிடம் தொடங்கி, நிவாரண முகாம் வழியாகத் தொலைபேசிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பழைய முறையில் பழி இல்லை, ஆனால் தொடர் சிகிச்சை இல்லை. புதிய முறையில் சிகிச்சை உண்டு, ஆனால் பயந்தவர் வந்து நிற்கும் வாசலில் அது இல்லை. இசிஜி சரியாக இருக்கும் ஒவ்வொருவரிடமும் பயத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவும், மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதவும் அவசரப் பிரிவு மருத்துவர்களையும் செவிலியர்களையும் பழக்க வேண்டும். மீனவப் பஞ்சாயத்தார், கோயில், தர்கா பொறுப்பாளர்கள் ஆகியோரும் 14416 என்ற எண்ணை அறிந்திருக்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ புதிய சட்டமோ தேவையில்லை. இரண்டு அரசுகளும் ஒரு சுற்றறிக்கையில் செய்துவிடலாம்.