‘ஆதாரம் எங்கே?’ – ஈயப் பெட்ரோலின் எழுபது ஆண்டுகள்

ஏதோ ஒரு ரசாயனமோ உணவுப்பொருளோ உடலுக்குக் கேடு என்று புதிய ஆய்வு ஒன்று வெளியானால், அன்று மாலைக்குள் இரண்டு அறிக்கைகள் வந்துவிடும். தொழில்துறைச் சங்கம் சொல்லும்: ‘மக்கள் நலனே எங்களுக்கு முக்கியம். ஆய்வை வரவேற்கிறோம். ஆனால் இவை ஆரம்பகட்ட முடிவுகள், மேலும் ஆய்வுகள் தேவை.’ எதிர்ப்பு இயக்கங்கள் சொல்லும்: ‘நாங்கள் அப்போதே சொன்னோம், உடனே தடை செய்யுங்கள்.’ தேதியையும் பொருளின் பெயரையும் மாற்றினால் பத்து வருடத்துக்கு முந்தைய அறிக்கைகளையே மறுபடி வெளியிடலாம். நாமும் ‘ரெண்டு பக்கமும் ஏதோ சொல்றாங்க’ என்று அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

இந்த அறிக்கைகளின் மொழியை நான் கவனிக்கத் தொடங்கியதற்கு என் தொழில்தான் காரணம். மென்பொருள் துறையில் பயனர் ஒருவர் பழுது என்று டிக்கெட் போட்டால், ‘என் கணினியில் சரியாகத்தான் ஓடுகிறது, கூடுதல் விவரம் தேவை’ என்று எழுதி அதை மூடிவைக்கும் வழக்கம் உண்டு. அந்த வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லை. அவர் கணினியில் நிஜமாகவே ஓடியிருக்கும். ஆனால் அந்த ஒரு வரியில், பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை நிரலை எழுதியவரிடமிருந்து மாட்டிக்கொண்டவரிடம் போய்விடுகிறது. இதே காரியம் ஒரு நச்சு உலோகத்தை வைத்து, உலக அளவில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் நடந்திருக்கிறது. தொழில்துறையின் மாலைநேர அறிக்கைக்கு இலக்கணம் எழுதப்பட்டதும் ஏறக்குறைய அங்கேதான்.

ஈயம் என்றதும் நமக்கு ரசம் வைக்கும் ஈயச்சொம்பு ஞாபகம் வரும். அது வெள்ளீயம். இந்தக் கட்டுரையில் வரும் ஈயம் முழுக்கக் காரீயம். ரோமானியர் காலத்திலிருந்தே நஞ்சு என்று அறியப்பட்ட உலோகம்.

*

1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில், சார்லஸ் கெட்டரிங்கின் கீழ் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தார். அக்கால கார் எஞ்சின்களில் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும். சக்தி வீணாகும், எஞ்சினும் கெடும். டெட்ராஎத்தில் ஈயம் என்ற திரவத்தைச் சிறிதளவு கலந்தால் அந்தத் தட்டல் நின்றுவிட்டது. எத்தனால் கலந்தாலும் தட்டல் குறையும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். ஆனால் சாராயத்தை யார் வேண்டுமானாலும் வடிக்கலாம். அதற்குக் காப்புரிமை வாங்கிக் காசு பார்க்க முடியாது.

1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் விற்பனை தொடங்கியது. சரக்கின் பெயர் ‘எத்தில்’. ஈயம் என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. அடுத்த ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனமும் சேர்ந்து எத்தில் கார்ப்பரேஷனை ஆரம்பித்தன.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சியில், ஸ்டாண்டர்ட் ஆயிலின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்களுக்குச் சித்தம் கலங்கியது. இல்லாததைக் கண்டு அலறினார்கள், கட்டிப்போட வேண்டியிருந்தது. சில நாட்களில் ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். நிறுவனத் தரப்பிலிருந்து முதலில் வந்த விளக்கம், அவர்கள் அளவுக்கு மீறி உழைத்ததால் புத்தி பேதலித்திருக்கலாம் என்பது. பத்திரிகைகள் அதற்குப் ‘பைத்தியக்கார வாயு’ என்று பெயர் வைத்தன.

அந்த மாதக் கடைசியில் மிட்ஜ்லி நிருபர்களைக் கூட்டினார். அவர்கள் கண்ணெதிரே அந்தத் திரவத்தில் கையைக் கழுவினார், ஆவியை முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டுத் தொடக்கத்தில் இதே மிட்ஜ்லி, ஈய நச்சால் உடல் கெட்டு ஃப்ளோரிடாவுக்கு ஓய்வெடுக்கப் போயிருந்தார்.

இதே வாரத்தில் அமெரிக்க அரசின் சுரங்கத் துறை, ஈயம் கலந்த பெட்ரோலின் புகையால் ஆபத்து இல்லை என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஜெனரல் மோட்டார்ஸ். வெளியிடும் முன் நிறுவனத்தின் கருத்தையும் ஒப்புதலையும் பெற வேண்டும் என்பது ஒப்பந்தம். துறையின் கடிதங்களில்கூட ‘ஈயம்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘எத்தில்’ என்றே எழுதிக்கொண்டார்கள்.

*

நியூயார்க், ஃபிலடெல்ஃபியா போன்ற நகரங்கள் விற்பனையைத் தடை செய்தன. எத்தில் நிறுவனம் விற்பனையைத் தானே நிறுத்திவைத்தது. 1925 மே 20 அன்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் ஹியூ கமிங் வாஷிங்டனில் எல்லாத் தரப்பையும் கூட்டி ஒரு மாநாடு நடத்தினார். நம் மாலைநேர அறிக்கைகளின் இரண்டு தரப்பும் நேருக்கு நேர் உட்கார்ந்தது அந்த ஒரே நாளில்தான்.

தொழில்துறை சார்பில் ஸ்டாண்டர்ட் ஆயிலின் ஃபிராங்க் ஹோவர்ட், எத்திலைக் கடவுளின் கொடை என்றே வர்ணித்தார். நாகரிகமே மோட்டார் எரிபொருளை நம்பி இருக்கும்போது வெறும் அச்சத்துக்காக அதைக் கைவிட முடியுமா என்பது அவர் வாதம். தொழிலாளர் நலப் பணியகம் என்ற அமைப்பின் கிரேஸ் பர்னம், செத்துப்போன தொழிலாளர்களுக்கு அது கடவுளின் கொடையாக இருக்கவில்லை என்று பதில் கொடுத்தார். யேல் பல்கலைக்கழக உடலியல் பேராசிரியர் யாண்டெல் ஹெண்டர்சனின் கவலை ஆலையைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நஞ்சு மிக மெதுவாகச் சேரும், எல்லாரும் விழித்துக்கொள்வதற்குள் ஈயப் பெட்ரோல் நாடெங்கும் பரவிவிடும் என்று அவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். தொழில்சார் நோய்களில் அன்று அவரைவிட அறிந்தவர் இல்லை எனத்தக்க ஆலிஸ் ஹாமில்டன், ஈயம் இருக்கும் இடத்தில் என்றாவது ஒருநாள் ஈய நோய் வந்தே தீரும் என்றார்.

இவர்களுக்கு நடுவில் சின்சினாட்டியிலிருந்து வந்த ராபர்ட் கெஹோ என்ற இளம் மருத்துவர் எத்தில் நிறுவனத்துக்காகப் பேசினார். ஆபத்து உண்டு என்று உண்மைகளோடு நிரூபித்துக் காட்டுங்கள், நிறுத்திவிடுகிறோம். வெறும் கருத்துகள் போதாது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

எவ்வளவு நியாயமாக ஒலிக்கிறது! என்னைப் போன்றவர்கள் அலுவலகக் கூட்டங்களில் நாள்தோறும் சொல்வதும் இதைத்தான்: டேட்டா கொடு, பேசலாம். மிட்ஜ்லியின் கைகழுவல் ஒரு வித்தை, அதை யாரும் நீண்ட நாள் நம்பப் போவதில்லை. கெஹோவின் வாக்கியம் அறிவியலின் சொந்தக் குரலில் வந்தது. சந்தைக்கு ஒரு புதுப் பொருளைக் கொண்டுவருபவர் அது பாதுகாப்பானது என்று காட்ட வேண்டும் என்பதை, எதிர்ப்பவர் அது ஆபத்தானது என்று காட்ட வேண்டும் என்று மாற்றிப் போட்டது.

மாநாடு ஏழு நிபுணர்கள் கொண்ட குழு ஒன்றுக்கு வழிவிட்டது. அவர்களுக்குக் கிடைத்த காலம் சில மாதங்கள். டேட்டனிலும் சின்சினாட்டியிலும் ஓட்டுநர்கள், பணிமனைத் தொழிலாளர்கள் என 252 பேரைச் சோதித்தார்கள். 1926 ஜனவரியில், தடைசெய்யப் போதிய காரணம் தற்போது இல்லை என்றார்கள். கூடவே, நீண்டகாலப் பயன்பாட்டில் நிலைமை வேறாகலாம், ஆய்வைத் தொடர வேண்டும், அதற்கு நாடாளுமன்றம் நிதி ஒதுக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். முதல் பாதியை எத்தில் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதிக்கு யாரும் நிதி ஒதுக்கவில்லை.

இந்த இடத்தில் எதிர்ப்பாளர்கள் தரப்பையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ‘பைத்தியக்கார வாயு’ என்ற தலைப்பு மக்களை எழுப்பியது உண்மை. ஆனால் தெருவில் மனிதர்கள் சித்தம் கலங்கி விழுவார்கள் என்ற எதிர்பார்ப்பையும் அதுவே உண்டாக்கியது. யாரும் விழவில்லை. ‘பாருங்க, ஒன்னும் ஆகலையே’ என்று சொல்வது தொழில்துறைக்குச் சுலபமாகிவிட்டது. ஹெண்டர்சனும் ஹாமில்டனும் சொன்ன மெதுவான நஞ்சு, அந்த ஆரவாரத்தில் காணாமல் போனது என்பது என் எண்ணம்.

*

அடுத்த நாற்பது ஆண்டுகள் கெஹோவுடையவை. எத்தில், ஜெனரல் மோட்டார்ஸ், டூபான்ட் ஆகியவற்றின் பணத்தில் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் கெட்டரிங் ஆய்வகம் எழுந்தது. கெஹோ அதன் இயக்குநர், எத்திலின் மருத்துவ ஆலோசகரும் அவரே. ‘ஆதாரம் காட்டு’ என்று கேட்டவரின் கையிலேயே, ஆதாரம் விளையக்கூடிய ஒரே பெரிய வயலும் வந்து சேர்ந்தது.

கெஹோவைப் போலி விஞ்ஞானி என்று ஒதுக்கிவிட முடியாது. உழைப்பாளி, எண்ணற்ற அளவீடுகள் எடுத்தவர். மெக்ஸிகோவில் கார்கள் எட்டிப்பார்க்காத ஒரு கிராமத்துக்குப் போய் மக்களின் உடலில் ஈயத்தை அளந்தார். அங்கும் இருந்தது. ஆகவே மனித உடலில் ஈயம் இருப்பது இயற்கை, ஓர் எல்லைவரை உடல் அதைச் சமாளிக்கும் என்றார். அந்தக் கிராமத்தார் சமைத்துச் சாப்பிட்ட மண்பாத்திரங்களின் பளபளப்புப் பூச்சில் ஈயம் இருந்தது.

இந்தப் பிழையை உடைத்தவர் மருத்துவர் அல்ல. கிளேர் பேட்டர்சன் ஒரு புவிவேதியியலாளர். விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தவர். அந்த அளவீட்டின்போது அவரை வாட்டியது ஒன்றே ஒன்று: ஆய்வகத்தின் காற்றிலும் தூசியிலும் நீரிலும் தன் தலைமுடியிலும்கூட ஈயம் இருந்து கணக்கைக் கெடுத்தது. கால்டெக்கில் மாசு புகாத அறை ஒன்றை வருடக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். அப்புறம்தான், ஆய்வகத்துக்கு வெளியே எல்லா இடத்திலும் இது எப்படி வந்தது என்று யோசிக்க ஆரம்பித்தார்.

1965-ல் ஒரு மருத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரை, அமெரிக்கர்களின் உடலில் உள்ள ஈயம் இயற்கை அளவைப்போல் சுமார் நூறு மடங்கு என்றது. கெஹோ அளந்தது எல்லாரிடமும் வழக்கமாகக் காணப்படும் அளவை. அதை இயற்கை என்று பெயர்மாற்றிவிட்டார். எல்லாரும் நனைந்து நிற்கும்போது யாருடன் ஒப்பிட்டு ஈரத்தை அளப்பது? பேட்டர்சன் பிறகு கிரீன்லாந்துப் பனியைத் தோண்டி எடுத்து, காலத்தோடு சேர்ந்து ஈயம் ஏறியதைக் காட்டினார்.

எதிர்வினை வந்தது. எண்ணெய்த் தொழிலைச் சேர்ந்தவர்கள் தன்னை வந்து பார்த்ததையும், பின் தன் ஆய்வுக்கான நிதிகள் நின்றதையும் பேட்டர்சன் சொல்லியிருக்கிறார். 1966-ல் செனட்டர் மஸ்கியின் விசாரணையில் கெஹோவும் பேட்டர்சனும் ஒரு வார இடைவெளியில் சாட்சி சொன்னார்கள். 1971-ல் தேசிய ஆராய்ச்சிக் கழகம் காற்றில் ஈயம் பற்றி அறிக்கை தயாரித்தபோது, அந்தக் குழுவில் பேட்டர்சனுக்கு இடமில்லை.

*

நம் வீடுகளில் பால்பல் விழுந்தால் சாணியில் வைத்துக் கூரைமேல் எறிவோம். 1970-களில் பாஸ்டனை ஒட்டிய செல்சி, சாமர்வில் ஊர்ப் பள்ளிகளில் அந்தப் பற்களை ஆசிரியர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஹெர்பர்ட் நீடில்மன் என்ற குழந்தை மருத்துவருக்காக. இரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் குறைந்துவிடும், பல்லில் அது வருடக்கணக்கில் தங்கும். 1979-ல் முடிவு வெளியானது: நோய் அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைகளிலேயே, பல்லில் ஈயம் கூடியவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் சராசரியாகச் சுமார் நான்கு புள்ளி குறைவு. வகுப்பில் கவனம் சிதறுகிறது என்று ஆசிரியர்கள் குறித்ததும் அவர்களைத்தான் அதிகம்.

1991-ல் நீடில்மன் மீது ஆய்வு முறைகேடு புகார் வந்தது. கொடுத்தவர்கள் இரண்டு உளவியலாளர்கள். ஈய மாசு வழக்கு ஒன்றில் அவர்கள் நிறுவனங்கள் தரப்பு நிபுணர்கள். விசாரணையை மூடிய அறையில் வேண்டாம், எல்லாருக்கும் தெரியும்படி நடத்துங்கள் என்று நீடில்மன் போராடினார். முறைகேடு இல்லை என்று தீர்ப்பானது.

ஆனால் ஈயம் வெளியேறத் தொடங்கியது அதற்கும் முன்பே, வேறொரு காரணத்தால். 1975 மாடல் கார்களில் புகையைச் சுத்தமாக்க வினையூக்கி மாற்றிகள் வந்தன. ஈயம் பட்டால் அந்த வினையூக்கி செத்துவிடும். குழந்தையின் மூளைக்குக் கிடைக்காத உடனடிப் பாதுகாப்பு, கார் புகைக்குழாயில் இருந்த பிளாட்டினத்துக்குக் கிடைத்தது! ஈய அளவைக் குறைக்கும் அரசு விதியை எதிர்த்து எத்தில் வழக்குப் போட்டது. 1976-ல், தீங்கைத் தடுப்பதற்கான சட்டத்துக்கு முழு நிச்சயமான நிரூபணம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கெஹோவின் 1925 வாக்கியத்துக்கு ஐம்பத்தோரு ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது.

1976-லிருந்து 1980-க்குள் அமெரிக்கர்களின் இரத்த ஈயம் சராசரியாக 37 சதவீதம் குறைந்தது, பெட்ரோலில் ஈயம் குறைந்ததன் கூடவே. 1996-ல் அங்கே சாலை வாகனங்களுக்கு முழுத்தடை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரலில் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது, அதுவும் வினையூக்கி மாற்றி பொருத்திய புதுக் கார்களுக்காகத்தான். இந்தியா முழுக்க ஈயமற்ற பெட்ரோல் 2000 பிப்ரவரியில் வந்தது. என் தலைமுறை பள்ளிக்கூடம் போனது அந்தப் புகைக்கு நடுவில். கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. இடையில், ஈயச் சேர்மத்தைத் தொடர்ந்து விற்க இராக்கிலும் இந்தோனேசியாவிலும் லஞ்சம் கொடுத்ததை இன்னோஸ்பெக் என்ற நிறுவனம் 2010-ல் ஒப்புக்கொண்டது.

*

‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்ற வாக்கியத்தைப் பார்த்ததும் கோபப்பட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் அது உண்மைதான். எல்லாப் புது ஆய்வும் நிற்பதில்லை, எல்லா எச்சரிக்கையும் பலிப்பதில்லை. எதிர்ப்பாளர்கள் கத்துவதாலேயே ஒரு பொருள் நஞ்சாகிவிடாது. அதனால் இப்போதெல்லாம் அந்த அறிக்கையைப் படிக்கும்போது உண்மையா பொய்யா என்று முதலில் பார்ப்பதில்லை. எந்த ஆதாரம் கிடைத்தால் ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா? அதை யார், யார் பணத்தில், எப்போதைக்குள் தேடுவார்கள்? அதுவரைக்கும் பொருள் சந்தையில் இருக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால், டிக்கெட்டை மூடிவிட்டார்கள் என்று அர்த்தம்.

குழந்தையின் இரத்தத்தில் கவலைக்குரிய ஈய அளவு என்று அமெரிக்க அரசு வைத்திருந்த எண், 1960-களில் ஒரு டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம். பிறகு 40, 30, 25, 10, 5 என்று இறங்கி 2021-ல் 3.5 ஆனது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும், நேற்றுவரை ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிய குழந்தைகள் பாதிக்கப்பட்டவர்கள் ஆனார்கள். 1926-ல் அந்தக் குழு கேட்ட நீண்டகால ஆய்வு நடக்காமல் போகவில்லை. யாரிடமும் அனுமதி கேட்காமல், மூன்று தலைமுறைக் குழந்தைகளை வைத்து அது நடந்துகொண்டேதான் இருந்தது. முடிவை எழுதிவைக்கத்தான் ஆள் இல்லை.