அடிமரமா, கற்றையா?

எஸ்.டி.டி. பூத்துகளின் மஞ்சள் பலகை பலருக்கும் நினைவிருக்கும். அதில் நடுவே நின்ற 'டி' எதைக் குறித்தது? ட்ரங்க். சப்ஸ்கிரைபர் ட்ரங்க் டயலிங். ட்ரங்க் கால் புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தின் எச்சம் அது. 1960இல் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே நேரடி டயலிங் வந்தபோது நடுவில் இருந்த ஆபரேட்டர் விலகினார். ட்ரங்க் பெயரிலேயே தங்கிவிட்டது.

லத்தீனில் 'ட்ருங்கஸ்' என்பது கிளை கழித்த அடிமரம். மரத்தைக் குடைந்து செய்த பெட்டிக்கு வந்த பெயர், பெட்டி தகரமான பிறகும் ட்ரங்குப் பெட்டியாகவே நீடித்தது. கிளைகள் வந்து சேரும் அடிமரம் என்ற பொருளில் பெருஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் அது பரவியது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும் ஜி.டி. (கிராண்ட் ட்ரங்க்) எக்ஸ்பிரஸ் இன்றும் அதைச் சுமந்து ஓடுகிறது.

கணினி வலையமைப்புக்கு வந்ததும் சொல் இரண்டாகப் பிளந்தது. சிஸ்கோ சுவிட்சில் ட்ரங்க் என்றால் பல வி-லேன்கள் (மெய்நிகர் வலையமைப்புகள்) பயணிக்கும் ஒரே இணைப்பு. எச்.பி. புரோகர்வ் சுவிட்சில் ட்ரங்க் என்றால் பல கேபிள்களைச் சேர்த்து ஒன்றாக்கியது. இந்த இரண்டாவதற்குத்தான் எத்தனை பெயர்கள்! லினக்ஸில் பாண்டிங், விண்டோஸ் சர்வரில் டீமிங், சிஸ்கோவில் ஈதர்சேனல். ஈதர்சேனலை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் கல்பனா. நம் 'கற்பனை'யின் வடமொழி மூலம். 1994இல் அதைச் சிஸ்கோ வாங்கியது. 2000இல் 802.3ஏடி தரநிலை வந்தபோது 'லிங்க் அக்ரிகேஷன்' என்று பொதுப்பெயர் வைத்தார்கள். அக்ரிகேஷனின் வேர் லத்தீனில் மந்தை. மந்தையோடு சேர்ப்பது என்று பொருள்.

ட்ரங்கைவிட மந்தைதான் உண்மைக்கு நெருக்கம் என்பேன். நான்கு ஒரு-ஜிகாபிட் கேபிள்களைச் சேர்த்தாலும் அவை உருகி ஒரே தண்டாகிவிடுவதில்லை. பாக்கெட்டுகள் வரிசை மாறாதிருக்க, ஒரு சர்வருக்கும் ஒரு கணினிக்கும் இடையிலான ஒரு கோப்புப் பரிமாற்றம் ஒரே கேபிளில்தான் போகும். முகவரிகளைக் கணக்கிட்டு எந்தக் கேபிள் என்று சுவிட்ச் முடிவு செய்கிறது. ஒரே கோப்பு நான்கு மடங்கு வேகத்தில் வரும் என்று காத்திருப்பவர் ஏமாறுவார். நாற்பது பேர் ஒரே நேரத்தில் கோப்பு எடுக்கும் அலுவலகத்தில் பலன் தெரியும்.

தமிழில் இதற்கு நான் எழுதுவது 'இணைப்புக் கற்றை'. கூந்தல் கற்றை, ஒளிக்கற்றை, அலைக்கற்றை என்று புழங்கிய சொல். கற்றையில் இழைகள் தனித்தனியாகவே இருக்கின்றன, சேர்த்துப் பிடித்திருக்கிறோம், அவ்வளவுதான். சர்வரின் பின்பக்கம் ஒரு கேபிளை உருவிப் பாருங்கள். அந்தப் போர்ட்டின் பச்சை விளக்கு அணையும். அதில் ஓடிய பரிமாற்றம் ஒரு கணம் தயங்கி, மிஞ்சிய மூன்றில் ஒன்றுக்கு மாறிக்கொள்ளும்.