ஜி.எஸ்.டி. ரோடும் ஆப்ஜெக்ட்டுகளும்

ஜி.எஸ்.டி. என்றால் தாம்பரத்துக்காரர்களுக்கு வெகுகாலம் ரோடு மட்டும்தான். 2017 ஜூலை 1 முதல் அது வரியாகவும் ஆனது! அதற்கு முன், 2007 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரி போய் 'வாட்' வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் கடைகளின் பில்லிங் மென்பொருள் மாறியாக வேண்டும். வரிக் கணக்கை நூறு இடங்களில் எழுதியிருந்தால் நூறு இடங்களிலும் கை வைக்க வேண்டும். 'வரி' என்று ஒரே ஆப்ஜெக்ட்டில் அடக்கியிருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

மாறக்கூடியதை மாறாததிலிருந்து பிரித்து வை என்பதே இதன் சாரம். 1960களில் நார்வேயில் 'சிமுலா' மொழியோடு தொடங்கிய இந்த வழி, ஸ்மால்டாக், சி++ என்று வளர்ந்து, 1995-ல் வெளிவந்த ஜாவா மூலம் உலகெங்கும் பரவியது.

சரி, தாம்பரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1996-ல் ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் உள்ளிட்டோர் அட்வென்ட்நெட் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் சென்னைப் பணி தாம்பரத்தில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் ஆரம்பமானது. நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருளை ஜாவாவில் எழுதினார்கள். கருவிகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஆனால் பழுதுச் செய்திகளைச் சேகரிப்பது, வரைபடத்தில் காட்டுவது போன்றவை எல்லோருக்கும் பொது. அவர்களுடைய 'வெப்என்எம்எஸ்' இந்தப் பொது வேலைகளைச் செய்தது. கருவி தயாரிப்பவர்கள் தங்களுக்கான பகுதியை மட்டும் எழுதி அதில் பொருத்திக்கொண்டார்கள்.

2001-ல் தொலைத்தொடர்புத் துறை சரிந்தது. வாடிக்கையாளர்களே காணாமல் போனால் எவ்வளவு நல்ல வடிவமைப்பும் சோறு போடாது! நிறுவனம் திசை மாறியது. அலுவலகங்களின் கணினி நிர்வாகத்துக்கு 'மேனேஜ்இன்ஜின்' வந்தது. 2005-ல் வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் 'ஸோஹோ சி.ஆர்.எம்.', 2006-ல் 'ஸோஹோ கிரியேட்டர்' என்று வணிக மென்பொருள்கள் தொடர்ந்தன. கிரியேட்டரில் படிவத்தையும் விதிகளையும் பயன்படுத்துபவரே அமைத்துக்கொள்ளலாம். ஒரு புதிய கட்டம் சேர்க்க புரோகிராமரைத் தேடி ஓட வேண்டியதில்லை. புரோகிராமர் கையிலிருந்த 'மாறும் பகுதி' வியாபாரியின் கைக்கே வந்துவிட்டது.

2009-ல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆனது. இன்று அதன் பெரிய வளாகம் இருப்பது அதே ஜி.எஸ்.டி. ரோட்டில், கூடுவாஞ்சேரி அருகே.

அட்வென்ட்நெட்டின் பொருள் மாறியது, வாடிக்கையாளர் மாறினார், பெயரும் மாறியது. மென்பொருள் எழுதும் கைகள் மட்டும் வேலையை விடவில்லை. எது மாறலாம், எது மாறக்கூடாது என்று பிரிக்கத் தெரிவது நிரலுக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் பொருந்தும்தானே?