ஜும்ரி திலையாவும் ஒரு மந்திரியும்

ஜும்ரி திலையா என்று ஒரு ஊர் நிஜமாகவே இருக்கிறது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வடக்கே பல பேர் அதைக் கற்பனை ஊர் என்றே நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். ஜோக்கில் ஒரு பட்டிக்காட்டுப் பெயர் வேண்டுமென்றால் இதைத்தான் எடுத்துப் போடுவார்கள். வங்கி உத்தியோகத்தில் மூன்று வருஷமாக ராஞ்சியில் குப்பை கொட்டுகிறவன் என்ற முறையில் நான் கண்ணால் பார்த்த சாட்சி. ஹஜாரிபாக் தாண்டிப் போனால் கோடர்மா மாவட்டம், அங்கேதான் இருக்கிறது. அபிரகத்துக்குப் பேர்போன இடம். பக்கத்தில் பராகர் ஆற்றின் மேல் ஒரு அணை, 1953ல் திறந்தது. ஆனால் ஊர்ப் பெயர் இந்தியா முழுக்கப் பரவியதற்கு அபிரகமும் காரணமில்லை, அணையும் காரணமில்லை. ரேடியோவுக்கு போஸ்ட் கார்டு போட்டதுதான் காரணம்!

கதை 1952ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் பி.வி. கேஸ்கர் என்பவர் மத்திய தகவல் ஒலிபரப்பு மந்திரி ஆனார். பாரிஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர், சாஸ்திரிய சங்கீதத்தில் தோய்ந்தவர். சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு வேப்பங்காய். மேல்நாட்டு மெட்டைக் காப்பியடித்து, மலிவான வரிகளைப் போட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் கட்சி. ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டைச் சுருக்கினார். போடுகிற பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் இலவச விளம்பரம் ஆகிவிடும் என்றார். தயாரிப்பாளர்களுக்குக் கோபம் வந்து, எங்கள் பாட்டையே போடாதே என்று உரிமையைத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். அரசாங்க ரேடியோவில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது.

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? அதே 1952ல்தான் 'பைஜு பாவ்ரா' வந்தது. நௌஷாத் இசை. அத்தனையும் ராகத்தில் அமைந்த பாட்டு. உஸ்தாத் அமீர் கானும் டி.வி. பலுஸ்கரும் அதில் பாடியிருக்கிறார்கள். ராகம் தெரியாத டீக்கடைக்காரர் வரை ஹிந்துஸ்தானி சங்கீதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த படம். இங்கே நம் பக்கம் ஜி. ராமநாதன் செய்து கொண்டிருந்ததும் அதே வேலைதான். மந்திரிக்கு உதவி வாசலில் வந்து நின்றது, அவர் கதவைச் சாத்திக் கொண்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கேஸ்கரை வில்லனாக்கி எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஹார்மோனியத் தடையைக்கூட அவர் தலையில் கட்டுகிறார்கள். அது 1940லேயே வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. சமஸ்தானங்கள் போன பிறகு வித்வான்களுக்கு மாசச் சம்பளமும் மேடையும் கொடுத்ததில் அந்த வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. ரவி சங்கரை வைத்து வாத்திய விருந்தா நடத்தியதும் அந்தக் காலம்தான். நல்லதைக் கொடுத்தார், மறுக்கவில்லை. வேறு எதையும் கேட்காதே என்று சொன்னதில்தான் எனக்குத் தகராறு. மருந்துக்கடையை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள பலகாரக் கடையை எல்லாம் மூடச் சொல்கிற மாதிரி.

ஜனங்கள் போராட்டம் நடத்தவில்லை, மனு எழுதவில்லை. குமிழைத் திருகினார்கள், அவ்வளவுதான். சிலோன் கிடைத்தது.

சிலோன் ரேடியோ என்றால் நம் ஆட்களுக்கு மயில்வாகனனும் கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும்தான் ஞாபகம் வரும். அதே சிலோனுக்கு இந்தியில் ஒரு பெரிய சாம்ராஜ்யம் இருந்தது என்பது எனக்கே இங்கே வந்த பிறகுதான் முழுசாகப் புரிந்தது. இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்காக வைத்த சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர், போர் முடிந்ததும் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950களில் அதன் வர்த்தக ஒலிபரப்பு இந்தியா முழுக்கக் கேட்டது. 1952 டிசம்பரில் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. புதன்கிழமை ராத்திரி, அமீன் சயானி குரல். சம்பளம் வாரத்துக்கு 25 ரூபாய். முதலில் ஏழு பாட்டு போடுவார்கள், அவற்றைக் கால வரிசைப்படி அடுக்கி எழுதினால் 100 ரூபாய் பரிசு. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதம் வந்ததாகவும், பிறகு அது வாரத்துக்கு 65,000 வரை போனதாகவும் சயானியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார் (2024ல் காலமானார்). பரிசுப் போட்டி பின்னால் தரவரிசையாக மாறியது. ரெக்கார்டு கடை விற்பனையையும், ஊர் ஊராக முளைத்த நேயர் சங்கங்களின் ஓட்டையும் வைத்து வரிசை போட்டார்கள்.

பி.காம் படித்தவனுக்கு இதில் கணக்குதான் முதலில் கண்ணில் படும். பாட்டு நம்முடையது. கேட்கிறவர்கள் நம் ஆட்கள். ரேடியோப் பெட்டிக்கு லைசென்ஸ் கட்டியது நம் தபால் ஆபீசில். ஒலிப்பதிவுகூட பம்பாயில்தான், டேப் மட்டும் விமானத்தில் கொழும்பு போகும். விளம்பரம் கொடுத்தது ஸ்விட்சர்லாந்து கம்பெனியின் பற்பசை. வருமானம் சிலோனுக்கு! தன் சொந்தக் கிளையில் கவுண்டரை மூடிவிட்டு, வாடிக்கையாளரை எதிர்த்த பேங்குக்கு அனுப்பி வைத்தால் எந்த மேனேஜருக்கும் மெமோ வரும்.

அரசாங்கம் இறங்கி வர ஐந்து வருஷம் ஆனது. 1957 அக்டோபர் 3ல் விவித் பாரதி தொடங்கியது. கேஸ்கர் அப்போதும் மந்திரிதான், 1962 வரை இருந்தார். விளம்பரம் எடுக்க 1967 ஆனது.

இப்போது ஜும்ரி திலையாவுக்கு வருவோம். சிலோனில் 'ஆப் ஹி கே கீத்', விவித் பாரதியில் 'மன்சாஹே கீத்' மாதிரி நேயர் விருப்ப நிகழ்ச்சிகளில் இந்த ஊர்ப் பெயர் வராத நாள் அபூர்வம். ஒருவர் ஆரம்பித்தார், பக்கத்துத் தெருக்காரருக்குப் பொறுக்கவில்லை, பிறகு ஊரே இறங்கிவிட்டது. யார் அதிகக் கார்டு போடுவது என்று போட்டி. வீட்டார், நண்பர், வியாபாரக் கூட்டாளி பெயரெல்லாம் சேர்த்து அனுப்புவார்கள். எதிரியின் கார்டு போகாமல் இருக்க தபால்காரரைக் 'கவனித்ததாக'வும் கதை உண்டு (தபால்துறை நண்பர்கள் மன்னிக்க).

ரசிகர்கள் என்று மட்டும் இவர்களைப் பார்ப்பது சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பாட்டு எப்படியும் யாரோ ஒருவர் கேட்டு வரத்தான் போகிறது, சும்மா கேட்டுக்கொண்டு இருக்கலாமே? இந்த ஊர் அபிரகம் கப்பலேறி வெளிநாடு போனது. அங்கே எந்த மின்சாதனத்துக்குள் உட்கார்ந்திருந்தாலும் அதில் ஜும்ரி திலையா என்று எழுதியிருக்காது. ரேடியோவில் மட்டும்தான் பெயர் வந்தது. அதை ரசனைக் குறைவு என்று எந்தப் படித்த மந்திரியும் சொல்ல முடியாது.

அபிரகத்துக்கு மாற்றுப் பொருள் வந்து வியாபாரம் படுத்துவிட்டது. டிவி வந்தது, கார்டு நின்றது. போன நவம்பரில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வந்த ஒரு பென்ஷன்காரர், சொந்த ஊர் அதுதான் என்றார். நானும் விடவில்லை, நீங்களும் கார்டு போட்டீர்களா என்றேன். மாசம் முப்பது போடுவேன் சாஹப் என்றார். என்ன பாட்டு கேட்பீர்கள்? யோசித்துப் பார்த்தார், ஞாபகம் வரவில்லை. ஆனால் முதல் தடவை தன் பெயர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்றும், அறிவிப்பாளர் அப்பா பெயரைத் தப்பாக உச்சரித்தார் என்றும் சொன்னார். மறுநாளே அதைத் திருத்தச் சொல்லி இன்னொரு கார்டு போட்டாராம்.